ஈரக் கழிவு

கட்டபெட்டு இலைக் கொட்டகைத் தராசில்
மூச்சு விடுகிற ஒன்றை
அன்றுதான் முதன்முறை தொங்கவிட்டேன்.
கொழுந்துச் சாக்குக்குள் கழுத்துவரை நாய்.
பெயர் டிரைவர்.
லாரி வந்தால் முன்சீட்டில் ஏறிக்கொள்வான்,
ஆலை வாசல்வரை போய்
சாயங்காலம் நடந்து திரும்புவான்.
யார் நாய் என்று கேட்டால்
எல்லோரும் அடுத்தவரைக் காட்டுவார்கள்.

காட்டுப்பன்றி தொடையைக் கிழித்து நாலு நாள்.
இந்தப் பனிக்கு ஈ வராது என்று இருந்துவிட்டோம்.
ஈ வரவில்லை.
நாற்றம் வந்தது.

முள் இருபத்தொன்றில் நடுங்கி நின்றது.
சாக்குக்கு ஒன்று கழித்தேன்.
கை தானாக அடுத்த கட்டத்துக்குப் போய்
ஈரத்துக்கு இரண்டு கழித்தது.
நிகரம் பதினெட்டு.

கோத்தகிரி கால்நடை மருந்தகத்தில்
டாக்டர் பார்ப்பது இலவசம்.
மருந்து ஸ்டாக் இல்லை,
வெளியே வாங்கச் சீட்டு எழுதுவதும் இலவசம்.
"எடை?"
"பதினெட்டு, மேடம்."
நாயைப் பார்த்தார். பிறகு என்னை.
"எதுல போட்டீங்க?"
சொன்னேன். ஈரக் கழிவையும் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
"நாய்க்குள்ள இருக்கிற தண்ணியும் நாய்தாங்க.
அதுக்கும் சேர்த்துத்தான் மருந்து.
குறைச்சுப் போட்டா சாகாம மிஞ்சுற கிருமி
அடுத்த தடவை இந்த ஊசிக்குப் பயப்படாது."
பதினெட்டை அடித்து இருபது என்று எழுதினார்.
ஐந்து நாள். ஒரு நாளும் விடக்கூடாது.

குப்பி நூற்றிருபத்தாறு, சிரிஞ்சு பத்து.
இலை அன்று கிலோ பதினேழு.
ஓர் ஊசிக்கு எட்டுக் கிலோ கொழுந்து;
அது எத்தனை கிள்ளல் என்று
கெம்பியின் கட்டைவிரல் நகத்தைத்தான் கேட்கவேண்டும்.

நோட்டில் புதுப் பத்தி போட்டேன்: நாய்.
முப்பத்துநாலு பேர், தினம் ஆளுக்கு நாலு ரூபாய்.
ஹாலன் ஐந்தாய்க் கொடுத்துச் சில்லறை கேட்கவில்லை.
போஜன் இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.
"எனக்குக் காய்ச்சல்னாலே
மூணாம் நாள் மாத்திரையை நிறுத்திடுவேன்.
இவன் என்ன கலெக்டரா?"

மூன்றாம் நாள் அவன் எழுந்தான்.
ஹாரன் சத்தத்துக்குக் காதை நிமிர்த்தினான்.
அதான் எழுந்துட்டானே என்றது கொட்டகை.
நாலாம் நாள் இலை பதினாலுக்கு இறங்கியது,
நாய்ப் பத்தியில் ஒரு பெயரும் விழவில்லை.
எனக்கும் போதும் என்றுதான் இருந்தது,
அதை ஏன் மறைக்க.
மீதி இரண்டு ஊசி என் கேஸ் சிலிண்டர் பணத்தில்.

கடைசி நாள் வரிசையில்
அரவேணுப் பெண் ஒருத்தி, ஒயர் கூடைக்குள் பூனை,
கன்னத்தில் சீழ்க்கட்டி.
"மூணு கிலோ பூனைக்கும் முழுக் குப்பியா?"
"சின்னது கிடைக்காதும்மா."
"மீதி?"
"வச்சுக்க முடியாது. கொட்டிடணும்."
அவள் என் சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் நாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
சுவரில் ஒட்டியிருந்த வெறிநோய்ப் போஸ்டரைப் படித்தேன்.

மறுநாள் மழை.
போஜனின் சாக்கு தராசில் சொட்டியது.
கதை அதற்குள் கொட்டகை முழுக்கப் பரவியிருந்தது.
"நாய்க்கு ஈரம் கழிக்கலையாமே?"
"கழிக்கல."
கொக்கியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.
"அப்ப என் மூட்டையையும்
நாய்ப் பத்தியிலேயே எழுதிடும்மா."

யாரோ சிரித்தார்கள்.
ஆலை சூப்பர்வைசர் குடையை மடக்கிக்கொண்டு
என் பேனாவைப் பார்த்தபடி நின்றார்.
இரண்டு என்று எழுதினேன்.

லாரி ஹாரன் அடித்தது.
டிரைவர் கொஞ்சம் நொண்டி
முன்சீட்டில் ஏறினான்,
இருபது கிலோவும்,
ஈரத்தோடு.