ஒரு மீட்டர் இருபது

கடிதம் நான்கு மொழிகளில் வந்தது.
தமிழ் கடைசியில், மடிப்பு விழுந்த இடத்தில்.
பொது நடைபாதையில்
ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர்
தடையின்றி இருக்கவேண்டும்.
அளந்தேன். ஒரு மீட்டர் எட்டு.
மிச்சப் பன்னிரண்டில்
என் கொடிரோஜா நின்றுகொண்டிருந்தது.

நின்றது என்பதும் சரியில்லை.
கம்பியைப் பிடித்து, மழைநீர்க் குழாயைப் பிடித்து,
ஹுவீ லிங் உலர்த்தியிருந்த பைஜாமாவின் காலைப் பிடித்து
மேலே மேலே போய்
ஐந்தாம் மாடியின் அடிவயிற்றில் முட்டி
அங்கே ஒரே ஒரு பூ,
யாருக்கும் முகம் காட்டாமல்.
சாப்பாடு கொண்டுவரும் ஜமீலுக்கு
இரண்டு சட்டை கிழிந்துவிட்டது.
மூன்றாவது முறை அவனே சொன்னான்:
அக்கா, ஒங்க செடிக்கு என்மேல ஒரு கண்ணு.

வாங்கும்போது சீட்டில் 'கேமரன் மலை' என்றிருந்தது.
பனியில் வேர்பிடித்த பிள்ளை
யீஷூனுக்கு வந்து
முதல் மாதமே இலையெல்லாம் கரும்புள்ளி.
பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன்.
மாலையில் தண்ணீர் ஊற்றக்கூடாது.
ஊற்றினால் வேருக்கு மட்டும்.
தட்டில் நீர் நின்றால் கொசு,
கொசு வந்தால் அதிகாரி.

எனக்கோ பகலில்தான் படுக்கை.
கடைசி ரயில் போனபின் தண்டவாளத்தில் இறங்கி
முதல் ரயிலுக்கு முன்னால் ஏறிவிடும் வேலை.
ஊரே உறங்க விடும் மூன்றரை மணிநேரம்.
அதிலும் நாங்கள் தட்டிக்கொண்டிருப்போம்.
காலை ஏழுக்கு வந்து
ஒளிரும் மேற்சட்டையைக் கழற்றாமலே
இலைகளைத் திருப்பிப் பார்ப்பேன்.
சிலந்திப்பேன் அடிப்பக்கம்தான் குடியிருக்கும்.
விரிசலும் அப்படித்தான்.

குளிர் விழும் நாடுகளில் ரோஜா தூங்குமாம்.
இங்கே யார் அதனிடம் போதும் என்பது?
டிசம்பர் மழையிலும் தளிர், ஜூன் வெயிலிலும் தளிர்,
ஓவர்டைம் கேட்டு வாங்கும் ஆளைப்போல
கழுத்து மட்டும் நீண்டு நீண்டு.

வெட்டி எறி, என்றார் தேவசகாயம்,
கடிதத்தைக் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியபடி.
கத்தரிக்கோலை எடுத்தேன்.
நோஞ்சான் கிளைகளை நறுக்கினேன்.
பிறகு, மனசைக் கல்லாக்கி,
இலைகளை ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும், உருவினேன்.
நீண்ட தண்டு நான்கு மிஞ்சியது.
அவற்றை வளைக்க எட்டு நாள் ஆனது.
ஒரு நாளைக்கு ஒரு கை அளவு,
மழை விட்ட காலையில், தண்டில் ஈரம் இருக்கும்போது.
ஒருமுறை 'டக்' என்று சத்தம் கேட்டு
மூச்சை நிறுத்திக்கொண்டேன்.
ஒடிந்தது தொட்டி விளிம்பு.

பழைய மேற்சட்டையைக் கீறி எடுத்த ஆரஞ்சுப் பட்டைகளால்
சன்னல் கம்பியோடு கிடையாகக் கட்டினேன்,
இறுக்காமல், ஒரு விரல் நுழையும்படி.
ஒரு மீட்டர் இருபத்தொன்று.

நகர மன்றத்திலிருந்து திரு லோ வந்தார்.
நாடாவை இழுத்தார், சுருட்டினார்.
மொட்டைக் குச்சிகளை வெகுநேரம் பார்த்தார்.
செத்துவிட்டதா?
இல்லை, விடுப்பில் இருக்கிறது.
அவர் அதையும் குறித்துக்கொண்டதுபோல் இருந்தது.

மூன்று வாரம் ஒன்றுமில்லை.
நானும் எதிர்பார்ப்பதை விட்டிருந்தேன்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை,
நிமிர்ந்து நின்றபோது உச்சியில் மட்டும் பூத்த தண்டு
படுத்ததும் கணுவுக்குக் கணு கண் திறந்திருந்தது.
சிவப்பு நகம்போல, பத்தொன்பது.
ஹுவீ லிங் எண்ணியபோது இருபத்திரண்டு.
ஜமீல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு
சுவரோரம் மெல்ல நகர்ந்து போனான்,
தூங்கும் பிள்ளையைத் தாண்டுகிறவனைப் போல.

நேற்றிரவு நானும் விண்ணப்பம் திறந்தேன்.
நான்கு நாள்.
காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
கட்டைவிரலில் ஒரு முள் இருந்தது.
அதை எடுக்காமல்
பார்த்துக்கொண்டிருந்தேன்.