ஏழாம் வகுப்பு

"பம்புசெட் எல்லாம் ஏழாம் வகுப்பில் வரும்" என்றார்
கிராஸ்கட் ரோட்டு மாடியில் ஏஜெண்ட் தமயந்தி.
நான் படிப்பை நிறுத்தியதும் அதே வகுப்பில்தான்.
சொல்லவில்லை.
காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

குறியின் பெயர்: சாமந்தி.
ஏன் சாமந்தி என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.
இருந்திருந்தால் எழுதியிருப்பேன்:
ஆவாரம்பாளையத்தில் வாடகை ஷெட்,
ஆயுத பூஜை முடிந்த மறுநாள்,
லேத்தின் தலையில் செருகிய பூ இன்னும் வாடவில்லை.
முதல் மோட்டாருக்குப் பச்சை அடித்த வேலுமயில்
பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி
"என்ன பேருங்க எழுதறது?" என்றான்.
பெயிண்ட் சொட்டிக்கொண்டிருந்தது.
யோசிக்க அவ்வளவுதான் நேரம்.

ஐந்து மாதம் கழித்துச் சென்னையிலிருந்து தாள் வந்தது.
ராஜ்கோட்டில் ஒருவர் இருக்கிறாராம்,
அவர் பம்பின் பெயர் சேவந்தி.
ஒலி நெருக்கம். பூ ஒன்றே. வகுப்பும் ஒன்றே.
வாங்குகிறவர் குழம்பக்கூடும்.

நேகமத்துக்காரர் எவரும் ராஜ்கோட் போய்க்
குழம்பி நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.
தமயந்தி சிரிக்கவில்லை.
"அவங்க ரெண்டாயிரத்து ஒன்பதுல இருந்து. நீங்க?"
"அதுக்கும் முன்னால."
"முன்னாலங்கறதுக்கு பில் இருக்கா?"

கணக்கு முடிந்த புத்தகங்களை
எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டேன்.
வராத பணத்தின் தாள்கள் மட்டும்
கம்பியில் குத்திக் கிடந்தன.
எல்லாவற்றுக்கும் அடியில், துரு வட்டத்தோடு:
4.10.2006. சென்னியப்பன். சாமந்தி அஞ்சு ஹெச்.பி. ஒன்று.
பாக்கி ஆறாயிரத்து நானூறு.

பதினெட்டு வருஷமாக நான் திட்டிய தாள்.
தமயந்தி அதை இரண்டு கையாலும் வாங்கினார்.
"இவர் ஒரு பிரமாணப் பத்திரம் குடுத்தா நல்லது.
குடுப்பாரா?"

கிணத்துக்கடவு தாண்டிப் பஸ் மாறிப் போனேன்.
தூரத்தில் என்னைக் கண்டதும்
மட்டைக் குவியலுக்குப் பின்னால் போனார் சென்னியப்பன்.
நான் நின்றேன். வெயிலும் நின்றது.
வேறு வழியில்லாமல் வந்தார்.
"கொப்பரை வித்ததும் தரலாம்னுதான் அம்மிணி…"
"தர வேண்டாங்க.
நீங்க தராம இருந்ததுதான் இப்ப எனக்கு ஒத்தாசை."
பாக்கி கேட்பதில் இது என்ன புது வழி என்பதுபோல்
என்னையே பார்த்தார்.

மோட்டார் கிணத்துமேட்டில் சாக்குப் போர்த்திக் கிடந்தது.
கிணற்றில் தண்ணீர் இல்லை. பக்கத்திலேயே போர்,
அதில் வேறு கம்பெனி.
அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.
எச்சில் தொட்டுப் பெயர்த்தகட்டைத் துடைத்தார்.
சா உதிர்ந்து போயிருந்தது.
மிச்சம்: மந்தி.
"எங்கூட்டுப் பசங்களுக்கு இது மந்தி மோட்டாருங்க" என்றார்,
குற்றம் ஒப்புக்கொள்கிறவரைப் போல.
சரிந்த வெளிச்சத்தில்
போன எழுத்தின் தடம் தெரிகிற கோணம் தேடி
பதினோரு போட்டோ எடுத்தேன்.

பொள்ளாச்சி நோட்டரி வாசித்துக் காட்டினார்:
"அன்று முதல் இன்று வரை
இடைவிடாமல் பயன்படுத்தி வருகிறேன்."
"நிறுத்துங்க" என்றார் சென்னியப்பன்.
"ஓடி ஏழு வருசமாச்சுங்க. இடைவிடாமன்னா பொய்யில்ல?
பொய்யில கையெழுத்துப் போட மாட்டனுங்க."

பதினெட்டு வருஷம் பாக்கி வைத்த மனுஷன்.
பெயரைப் பற்றித்தான், தண்ணீரைப் பற்றி இல்லை என்று
நோட்டரி என்னென்னவோ சொன்னார்.
கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டு
"2006-ல் வாங்கினேன், ஓடிய வரை நன்றாக ஓடியது"
என்று எழுதினார்கள். பக்கத்தில் சிறிய கையெழுத்து.
பிறகுதான் பெரிய கையெழுத்து.

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.
ராஜ்கோட்காரரும் ஏதோ ஒரு பூவைப் பார்த்துக்கொண்டு
பெயிண்ட் சொட்டச் சொட்டத்தான் பெயர் வைத்திருப்பாரோ
என்று சில ராத்திரி தோன்றுகிறது.
தமயந்தியிடம் சொல்லவில்லை.

பாக்கியைத் தள்ளிவிட்டேன் என்று
சென்னியப்பனிடமும் சொல்லவில்லை.
அவர் கேட்கவும் இல்லை.
பஸ் ஏறும்போது என் பையில்
பத்துத் தேங்காய் இருந்தது.
அதற்கு பில் இல்லை.