ஐம்பத்து மூன்று

காலையில் பதினான்கு.
மாலையில் ஐம்பத்து மூன்று.
உப்பைக் கடத்துதிறனால் அளக்கிற பிழைப்பு எனக்கு.
ஹைகிரவுண்டில் டயாலிசிஸ் இயந்திரங்கள் ஆறு,
சமாதானபுரம் வாடகை மாடியில்
மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று.

தொட்டியில் இருப்பதைத் தமிழில் கடற்சாமந்தி என்கிறார்கள்.
பூ இல்லை. வாய்.
வாயைச் சுற்றி விரல்கள், விரல் நுனியில் குமிழ்,
அடியில் ஒரே ஒரு பாதம்.

அது வருமுன் எட்டு மாதம்
வெறும் பாறையும் தண்ணீரும் வைத்திருந்தேன்.
தண்ணீர் பழகட்டும் என்பேன் கேட்டவர்களிடம்.
"ஊறுகாயா போட்டிருக்க?" என்றாள்
கீழ்வீட்டு ஞானசௌந்தரி.

குழாய்த் தண்ணீர் ஆகாது.
தாமிரம் அதற்கு நஞ்சு, ஆற்றின் பெயரிலேயே தாமிரம்.
நான் பயந்தது பெயருக்கில்லை, குளோரினுக்கு.
வார்டில் காலைச் சோதனைக்குத் திறந்துவிடும் ஆர்.ஓ. நீரை
இரண்டு கேன் பிடித்துக்கொள்ள அனுமதி உண்டு.
ஒன்று மடியில், ஒன்று காலடியில், டவுன் பஸ்ஸில்.

மூன்றாம் நாற்காலி சிவனணைஞ்சபெருமாளுக்கு
கேன் எதற்கென்று தெரியும்.
பேட்டையில் வெல்டிங் பட்டறை.
ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று கிலோ தண்ணீர் ஏற்றி வருவார்,
கோயில் கொடை முடிந்த வாரம் நாலரை.
"உப்பு கூடினா எனக்குச் சாவு,
கொறஞ்சா அதுக்குச் சாவு.
நடுவுல நீ சம்பளம் வாங்குத."

மே மாதம் தொட்டி முப்பதைத் தொடும்.
மின்விசிறியை நீர்மேல் திருப்பினால் இரண்டு டிகிரி இறங்கும்,
இரண்டு சொம்பு ஆவியாகும்.
போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும்.
ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர்.
அளக்கும் கருவி கையிலிருந்தும்
முதல் மாதம் உப்புநீரையே ஊற்றி
இரண்டு நத்தைகளைக் கொன்றேன்.

அந்தச் செவ்வாய் இரவு
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துத் தெருவே இருண்டது.
பேட்டரி மோட்டாரைப் போட்டுவிட்டு டார்ச் அடித்தால்
பாறையில் அதைக் காணோம்.
நடந்திருக்கிறது,
ஒற்றைப் பாதத்தில், மணிக்கு ஒரு விரற்கடை,
நின்றுபோன நீரோட்டத்தைத் தேடி.
கண்டபோது அலை மோட்டாரின் ஸ்பாஞ்சு உறைமேல்
நெல்லிக்காயாய்ச் சுருங்கி
வாய் பிளந்து.
கரண்டு வந்தால் மோட்டார் சுழலுமே.
பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

பிய்த்தெடுக்கக் கூடாது.
பிய்த்தால் பாதம் கிழியும், கிழிந்தது அழுகும்,
அழுகினது தொட்டி முழுவதையும் சாகடிக்கும்.
உட்கார்ந்து மோந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.
மோந்தேன்.
மழைக்கு முந்தின உவரிக் கரை.
கொஞ்சம் கழித்து மறுபடி மோந்தேன்.
நாலரைக்குத் தூங்கிவிட்டேன்,
கையில் பிளக்கோடு.

காலையில் இரண்டு இருந்தன.
வாய் வழியாகவே பிளந்து
ஒன்று உறைமேல், ஒன்று கண்ணாடியில்,
இரண்டுக்கும் ஒருபக்கம் கந்தலான ஓரம்.
செழித்தாலும் பிரியுமாம், பயந்தாலும் பிரியுமாம்.
இது எதுவென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல
அதற்கு முகம் கிடையாது.

வியாழக்கிழமை
மூன்றாம் நாற்காலியில் ஊசி ஏற்றும்போது சொன்னேன்.
குழாயில் ஓடும் தன் ரத்தத்தையே
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"ரெண்டாப் போனதுல எது பழசு?"
"தெரியலை."
"சவம், அதுக்காவது தெரியுமா?"
அன்றைக்கு இறக்க வேண்டியது மூன்று கிலோ நூறு.
இயந்திரத்தில் பதினான்கு காட்டியது.

இறால் போடவில்லை.
வாயே புண்ணாய் இருக்கையில் சோறு எதற்கு?
சனி மாலை கைகழுவி, சோப்பு போக மறுபடி கழுவி,
முழங்கை வரை விட்டு விரலை நீட்டினேன்.
ஐம்பத்து மூன்று. இருபத்தேழு டிகிரி.
சின்னது ஒட்டிக்கொண்டது,
போஸ்டர் ஒட்டும் மைதாப் பசைபோல.

பெரியது இன்னும் இல்லை.