நாலு நாற்பது முதல் நாலு ஐம்பது வரை

முசஃபா, ஷாபியா பன்னிரண்டு.
மூன்று குடும்பங்களுக்கு ஒரு குளியலறை.
கதவில் செல்லோடேப் போட்டு ஒட்டிய பட்டியலில்
என் முறை ஆறு இருபது.

'முழுகாமல் இருக்கிறாள்' என்பார்கள் எங்கள் பக்கம்.
முழுக முறையே வராத வீட்டில்
அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டிக்குள் மடித்த தாள்
அரபியிலும் இங்கிலீஷிலும் ஒன்றையே சொல்கிறது:
விடிந்ததும் வரும் முதல் நீர் நல்லது.
இரவெல்லாம் தேங்கிக் கெட்டிப்பட்டது,
சொல்ல ஏதாவது இருந்தால் அதில்தான் இருக்கும்.
ஆறு இருபது வரை அது பொறுக்குமா?

கிளிட்டஸ் கடலில்.
எண்ணெய் மேடையில் இருபத்தெட்டு நாள்,
கரையில் இருபத்தெட்டு.
என் உடம்புக்கும் அதே ரோஸ்டர்தான்,
யாரும் கையெழுத்துப் போடாத ரோஸ்டர்.
ஒரு மாதம் முப்பத்தொன்று, ஒருமுறை முப்பத்தாறு.
நாள் தள்ளிப்போயிருக்கிறது, சரி,
எந்த நாளிலிருந்து?

அவன் ஹெலிகாப்டர் ஏறிய எட்டாம் நாளே
முதல் பட்டையை நனைத்தேன்.
ஒற்றைக் கோடு.
மருந்துக்கடை பின்சி சிரித்தாள்:
"அவசரப்பட்டால் அது பொய் சொல்லும், சேச்சி."
பிறகு தன்னையே திருத்திக்கொண்டாள்:
"பொய் இல்லை. 'தெரியாது' என்று சொல்ல அதற்கு வராது.
அதற்கும் 'இல்லை' என்றுதான் சொல்லும்."

இரண்டாவது பெட்டி
முப்பது டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்கிறது.
வாங்கி வந்த அன்று பஸ் ஸ்டாப்பில்
நாற்பது நிமிஷம், நாற்பத்தாறு டிகிரி,
கைப்பையில் வெந்துகொண்டிருந்தது.
இவ்வளவு சூடு பட்டது சரியாகச் சொல்லுமா?
நானும்தானே அங்கே நின்றேன்.

நாலு ஐம்பதுக்குப் பூனைபோலப் போனேன்.
ஆகஸ்ட். பச்சைத்தண்ணீர்க் குழாயிலும் வெந்நீர்.
கரக் டீ குடித்த காகிதக் கப்,
அதில் பட்டை,
போனில் ஓடுகிற வினாடிகள்.
இரண்டாம் நிமிஷம் கதவு தட்டப்பட்டது.
"யாரும்மா உள்ள? எனக்கு வண்டி வந்திரும்."
திலகன் அண்ணன். கோடையில் சைட் சீக்கிரம்.
பட்டையை ஹீட்டருக்குப் பின்னால் செருகிவிட்டு
தலை குனிந்து வெளியே வந்தேன்.

அவர் போய்த் திரும்பிப் பார்க்கையில்
பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது.
இரண்டாம் கோடு இருந்தது.
டியூப்லைட் பக்கம் சாய்த்தால் இருந்தது,
போட்டோ எடுத்தால் இல்லை.
ஐந்து நிமிஷத்துக்குள் தெரிந்தால் பிள்ளை.
பத்துக்கு மேல் தெரிவது
காய்ந்த நீரின் தடமாகவும் இருக்கலாம் என்கிறது தாள்.
ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே
திலகன் அண்ணன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கடலிலிருந்து போன்.
"ஏதாவது விசேஷம்?" என்றான்,
வாரா வாரம் கேட்கிற மாதிரி.
ஏசி தண்ணீர் சொட்டுகிறது என்றேன்.
பக்கெட் வைக்கச் சொன்னான்.

டிஷ்யூவில் நாலு சுற்றுச் சுற்றித்தான் போட்டிருந்தேன்.
குப்பை கொட்டும் முறை ரஹ்மத் அக்காவுடையது.
அக்கா ஒன்றும் கேட்கவில்லை.
கறி தாளிக்கும்போது மட்டும்
சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தாள்.
இரண்டு நாளைக்கு ஒருமுறை இரட்டிக்குமாம்,
இருந்தால்.
இன்னும் நாலு நாள் பொறுங்கள் என்றாள் பின்சி.
நாலு நாளும் நான் எதையும் தூக்கவில்லை,
அந்தப் பக்கெட்டைக்கூட.

நேற்று இரவு கதவில் புதுத் தாள்.
ரஹ்மத் அக்காவின் சாய்ந்த கையெழுத்து.
எல்லோருக்கும் பத்துப் பத்து நிமிஷம் தள்ளிப்போயிருந்தது.
முதல் வரியில் என் பெயர்:
நாலு நாற்பது முதல் நாலு ஐம்பது வரை.
கீழே திலகன் அண்ணன் ஒரு டிக் போட்டிருந்தார்.

இப்போது நாலு நாற்பத்து மூன்று.
தாழ்ப்பாள் போட்டாயிற்று.
பட்டை சோப்புப் பெட்டி மேல், கவிழ்த்து.
வெளியே ஒரு செருப்புச் சத்தம் வருகிறது,
கதவருகே நிற்கிறது,
திரும்பிப் போகிறது.
யாரோ இருமலை விழுங்குகிறார்கள்.
மூன்று குடும்பமும் விழித்து
அடக்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டு நிமிஷம் நாற்பது.
யாரும் தட்டவில்லை.
நான் இன்னும் புரட்டவில்லை.