ஒற்றைக்கிளவி

முதல் கியர் விழுந்து கிளட்ச் பிடிக்கிற இடத்தில்
ஒரே ஒரு முறை.
டொக்.

ரிவர்ஸிலிருந்து முன்னுக்கு எடுக்கும்போது
இன்னொரு முறை. சில நாள் வராது.
ஸ்டாவ்ரோஸின் கராஜுக்குக் கொண்டுபோனால்
வரவே வராது.

தட்டுதா, உருளுதா, கிலுங்குதா?
ஜேர்மனில் மூன்றுக்கும் மூன்று வினைச்சொல் வைத்திருந்தான்.
மூன்றும் இல்லை.
எங்கள் மொழியில் சத்தம் தனியாக வராது, ஸ்டாவ்ரோஸ்.
கடகட, மடமட, சலசல
கையைப் பிடித்துக்கொண்டே வரும்.
இது ஒற்றை.
இதை அவனுக்கு விளங்கப்படுத்த
என் ஜேர்மன் போதாது.
டொக், என்றேன்.
டொக், என்று எழுதிக்கொண்டான்.

பின் சக்கரம் தள்ளி ஓடும் கார். வயது இருபத்தொன்று.
நெம்புகோலால் நெம்பினான், சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான்.
எல்லாம் கல்லுப்போல.
முதலில் ஸ்டெபிலைஸர் லிங்க், இரண்டு பக்கமும்.
எண்பத்தாறு யூரோ. டொக்.
பிறகு ஷாக் அப்ஸார்பரின் மேல் ரப்பர்.
டொக்.
ஸ்பேர் டயர்க் குழிக்குள் தளர்ந்து கிடந்த ஜாக்கியைத்
துவாயால் சுற்றி இறுக்கினோம்.
அன்று முழுக்க நிம்மதி.
மறுநாள் விடிய, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஷிஃப்ட் முடிந்து
காரை எடுக்க,
டொக்.

ஞாயிற்றுக்கிழமை
பின் சீட்டை மடித்து
நான் டிக்கிக்குள் படுத்துக்கொண்டேன்.
ரஜிந்தினி மச்சாள் ஓட்டினாள்.
லைசென்ஸ் எடுத்துப் பதினாலு மாதம்.
ஸ்டியரிங்கைச் சுடுசட்டிபோல் பிடிப்பவள்.
"செத்தவள் மாதிரிக் கிடக்கிறாய்," என்றாள், கண்ணாடியில் பார்த்து.
"நீ ரோட்டைப் பார்."

வூப்பர்டாலில் ஓல்பெர்க் என்றொரு ஏற்றம்.
எண்ணெய் மலை என்று பொருள். எண்ணெய் கிடையாது,
கல் பாவிய தெருதான்.
கல்லில் எல்லாமே கதைத்தது:
பெல்ட் பூட்டு, கிளவ் பாக்ஸ், என் கொண்டை ஊசி.
ஒன்றையும் பிரித்தெடுக்க முடியவில்லை.
கீழே போ, ஃபோவிங்கலுக்கு, என்றேன்.

அங்கே தெருவுக்கு மேலே தொங்கு ரயில்.
நெடுக இரும்புக் கால்கள்.
ஒரு ரயில் தலைக்கு மேல் போய் முடியும்வரை பொறுத்து
எடு. நிறுத்து. எடு. நிறுத்து.
பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான்.
மச்சாள் ஜன்னலை இறக்கி
"எங்கட காருக்குச் சுகமில்லை!" என்று தமிழிலேயே கத்தினாள்.
ஏதோ விளங்கியவன்போல் விலகிப் போனான்.

எடு.
காதைத் தரையில் வைத்திருந்தேன். கம்பளத்தில்
நாய் மணம், முந்தி வைத்திருந்தவரின் நாய்.
உள்ளங்கை, இடது சக்கரத்துக்குச் சற்று உட்புறம்.
அப்போது
காதுக்கு முன்னால் கைக்குக் கேட்டது.

தரை எழும்பியது.
ஒரு நகத்தின் தடிப்புக்கு எழும்பி, இருந்தது.
லிங்க் இல்லை, ரப்பர் இல்லை,
கழற்றி மாட்டுகிற எதுவுமே இல்லை.
தரைதான்.

திங்கட்கிழமை ஸ்டாவ்ரோஸ் லிஃப்டில் ஏற்றி
பின் அச்சின் சட்டம் உடம்போடு சேருகிற இடத்தைக்
கம்பி பிரஷால் தேய்த்தான்.
பெயின்ட் உதிர்ந்து ஒரு மயிரிழை.
விளக்கைச் சாய்த்தான்.
நாலு விரல் நீளம், போல்ட்டைச் சுற்றி அரை வட்டம்.
வெல்டிங், உள்ளே தகடு, பெட்ரோல் டேங்க் இறக்கி ஏற்ற:
ஆயிரத்து எழுநூறு.
விற்றால் தொள்ளாயிரம்,
அதுவும் டேங்கை நிரப்பிக் கொடுத்தால், என்று சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.
இந்தக் கிழமைக்குள் முடிவெடு, என்றான். மலை ஏறாதே.

அவன் கொப்பியில், என் பெயருக்கு நேரே,
ரோமன் எழுத்தில் அந்த டொக் இன்னும் இருந்தது.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
பேனையை வாங்கிக்
கேள்விக்குறியை வெட்டினேன்.

இன்றிரவும் ஷிஃப்ட்.
மலையைச் சுற்றிப் போகிற பாதை பதினொரு நிமிடம் கூட.
கிளட்சை விடுகிறேன்,
நித்திரையான பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுவதுபோல்.
அப்படியும் வருகிறது.

ஓம், தெரியும், என்கிறேன்.