அட்டையில் பென்சில்

வாழப்பாடி வலைக்கூடாரத்தில்
சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் என் வேலை.
நாளைக்கு விரியப்போகும் மொட்டாகப் பார்த்து
இடுக்கி நுனியால் இதழ் பிரித்து
மஞ்சள் மகரந்தப் பைகள் ஐந்தையும் கிள்ளுவேன்.
சூலகத்தில் கீறல் விழக்கூடாது.
விழுந்தால் கூலியில் பிடிக்கமாட்டார்கள்,
ஜெபக்கனி மேடத்தின் முகத்தில் பிடித்துவிடும்.

"என்ன அங்காயி, இன்னைக்கு எத்தனை கல்யாணம்?"
என்பார் கணக்கெழுதும் குழந்தைவேலு.
கல்யாணமா?
ஆணைக் கிள்ளிப் போட்டு
பெண்ணைக் காகித உறையில் பூட்டி
விடிந்ததும்
இருபது கொண்டை ஊசி இறங்கி வந்த ஒருவனின் தூளைத்
தூரிகையால் தடவி
எந்தப் பூவிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் செய்வதற்கு
அந்தப் பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.
வேலை. அவ்வளவுதான்.

தாய், வரிக்கத்தரி.
ஊதாவில் வெள்ளை ஓடிய காய்,
எண்ணெயில் போட்டால் வெண்ணெய்.
வேரில்தான் ஏமாளி.
ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள்
பச்சை மாறாமலே தலை தொங்கிவிடும்.
தண்டை நறுக்கித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினால்
வெள்ளை நூலாக இறங்கி வரும்
நோய்.

தகப்பன், மலைச்சுண்டை.
நாகலூர் ஓடைக்கு மேலே காப்பிக்காட்டு வேலியில்
பொன்னான் பிடுங்கிச் சாக்கில் சுற்றி
ஏற்காடு பஸ்ஸில் மடியில் வைத்து இறக்கியது.
வெள்ளைப் பூ. கடித்தால் கசப்பு.
அது வாடிப் பார்த்த ஞாபகம் பொன்னானுக்கு இல்லை.

"ரெண்டும் ஒரே குடும்பம்தான்.
பேச்சுவார்த்தைதான் இல்ல"
என்றார் மேடம்.

ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும்
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பூக்கள்.
ஒவ்வொன்றின் காம்பிலும் நூல், நூலில் அட்டை,
அட்டையில் தாய், தந்தை, தேதி.
பேனா கூடாது, மழையில் கரையும்.
பென்சில்.
கட்டியவள் பேருக்கு அதில் இடமில்லை.

பதினேழு காய் தங்கியது.
தானாக முற்ற விட்டால் விதை உள்ளேயே சுருங்கிவிடுமாம்.
இருபத்தைந்தாம் நாளே அறுத்து
கண்ணுக்குத் தெரியாத கருவை எடுத்துக்
கண்ணாடிக் குழாய்க் கூழில் வைத்தார்கள்.
மூன்று முளைத்தது.
இரண்டு, பூஞ்சைக்கு.

மிஞ்சியது வளர்ந்தது.
தகப்பன் முள், தாயின் ஊதா.
இலை இரண்டு பேரில் யாரைப் போலவும் இல்லை.
ஐப்பசி வந்தது.
சுற்றிலும் நட்ட வரிக்கத்தரி
வரிசை வரிசையாகச் சாய்ந்தது.
இது நின்றது.
முள்ளேறி வீங்கிய கட்டைவிரலோடு
நானும் எதிரே நின்றேன்.
மேடம் அன்றைக்கு மட்டும்
எல்லாருக்கும் முறுக்கும் டீயும் வாங்கிக் கொடுத்தார்.

பிறகு அதன் மகரந்தத்தைச்
சிவப்புச் சாயத்தில் போட்டு
உருப்பெருக்கியில் எட்டிப் பார்க்கச் சொன்னார்.
"செவந்து உருண்டு நின்னா உசிரு."
பார்த்தேன்.
அத்தனையும் சப்பை.
உமி.

நின்றதே, அது போதாதா என்று கேட்டேன்.
"நிக்கறத யாரு அங்காயி திங்கிறது?"

மறுபடி இடுக்கி.
இந்தத் தடவை இதுவே தாய்,
தூள் வரிக்கத்தரியுடையது.
உதிர்ந்தது, உதிர்ந்தது, எண்ணுவதை விட்டுவிட்டேன்,
குழந்தைவேலு மட்டும் எண்ணினார்.
தையில் ஒரு காம்பு காயவில்லை.

இப்போது கோலிக்குண்டு அளவு.
பச்சை, லேசான வரி,
வரி மாதிரி எனக்குத் தோன்றுகிறது.
திங்கட்கிழமை அறுப்பார்கள்.
உள்ளே விதையும் இருக்கலாம்,
வெறும் பஞ்சும் இருக்கலாம்.

இன்றைக்கு ஞாயிறு, நான் மட்டும்தான்.
அட்டையில் தேதி மங்கியிருந்தது.
அதன் மேலேயே
இன்னொரு தரம் அழுத்தி எழுதிவிட்டுக்
குழாயைத் திறந்தேன்.