அரைப்புள்ளி

குழித்துறை நடுவர் நீதிமன்றத்தில்
வலைக்கு ஓர் அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்:
சான்றுப் பொருள் ஒன்று. நைலான். பன்னிரண்டு கிலோ.
மின்விசிறியைப் போட்டால் இனயம் மணக்கும்.
நிறுத்தினால் இன்னும் மணக்கும்.

"எடுத்தது நானாக்கும் சாரே" என்றார் வியாகப்பன்,
ஒன்றும் ஒத்துக்கொள்ளாதீர் என்று
நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே.
புயல் அடங்கி மூன்றாம் நாள்
ஆளில்லாமல் மிதந்து வந்ததாம்.
"கடலுல கெடந்தா அது யாருக்க கையில கெடக்கு?
நீரு படிச்சவராக்குமே, சொல்லும்."

பிரிவு முந்நூற்று எழுபத்தொன்பது.
(இப்போது எண்ணை மாற்றிவிட்டார்கள்.
பழைய எண்ணைச் சொல்லித்தான்
ஸ்டேஷனில் இன்னும் திட்டுகிறார்கள்.)

என்னிடம் வாதம் இல்லை. ஒரு புத்தகம் இருந்தது.
மார்த்தாண்டம் பழைய பேப்பர் கடையில்
ஏத்தங்காய் சிப்ஸ் மடிக்கப் போகவிருந்ததை
இருபது ரூபாய்க்கு மீட்டது.
எழுதியவர் டாக்டர் சுகிர்தபாய்.
சட்டக் கல்லூரியில் இருபத்தாறு வருடம்,
ஒரு வழக்குக்கும் வாய் திறந்ததில்லை.
சொந்தச் செலவில் முந்நூறு பிரதி.
நூற்றுப் பதினான்காம் பக்கத்தில்
எறும்பு எழுத்தில் அடிக்குறிப்பு:

கை எடுத்ததைப் பார்த்தவர் பலர் இருப்பர்.
எடுக்கும்போது மனம் எங்கே நின்றது என்று கேள்;

அரைப்புள்ளி.
அதற்குப் பிறகும் இருந்தது.
நான் அரைப்புள்ளியில் நிறுத்தினேன்.
எழுதியவர் பெயரையும் சொல்லவில்லை.
என் வாயில் பிறந்தது போலவே வந்தது அது.
நடுவர் நிமிர்ந்து பார்த்து
பேனாவின் மூடியைக் கழற்றினார்.

வியாகப்பனுக்கு விடுதலை.
வாசலில் எனக்கு ஒரு நெய்மீன், பனையோலையில் பொதிந்து.

தீர்ப்பில் அந்த வரி நடுவருடையதாக இருந்தது.
அப்பீலில் நாகர்கோவில் அமர்வு நீதிபதி
அதை அடிக்கோடிட்டு எடுத்தார்.
ஒன்பது வருடம் கழித்து மதுரைக் கிளையில்
யாரோ ஒருவருடைய ஆடு காணாமல் போன வழக்கு,
பத்தி பதினேழு:
"தெற்கே ஒரு நடுவர் அழகாகச் சொன்னதுபோல..."

மூன்று பேர் கைமாறிய பொருள்.
உடையவர் சம்மதம் இல்லை.
எடுக்கும்போது என் மனம் எங்கே நின்றது?
திருட்டு வழக்கில் திருடிய வரியால் ஜெயித்தவனை
எந்தப் பிரிவில் வைப்பது?

பாகோட்டுக்கு பஸ் ஏறினேன்.
ரப்பர் ஷீட் காயும் கொடிக்குக் கீழே குனிந்து போக வேண்டிய வீடு.
மதுரை உத்தரவின் நகலை நீட்டினேன்.
வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.
கோபம் வரும் என்று நினைத்திருந்தேன்,
அதற்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தேன்.

"மிச்சம் எங்கே?" என்றார்.

பேசாமல் இருந்தேன்.
பக்கம் புரட்டாமல் அவரே சொன்னார்:
"கேட்டபின், இழந்தவன் முற்றத்திலும் போய் நில்.
இதில்லாமல் அது எதுக்கு?
அவனுக்க பேர் என்ன?"

"வியாகப்பன்."

"எடுத்தவன் இல்ல. வலைக்காரன்."

எனக்குத் தெரியவில்லை.
அன்றிரவு பரணிலிருந்து கட்டை இறக்கி
முதல் தகவல் அறிக்கையில் தேடிப் பிடித்தேன்:
சிலுவைதாசன், புத்தன்துறை.
சங்கத்தில் நாற்பதாயிரம் கடன்.
மனு போட்டால் வலை கிடைத்திருக்கும்.
மனு போடலாம் என்று அவரிடம் சொல்ல யாரும் இல்லை.
அப்பீல் முடிவதற்குள் எலியும் தென்மேற்கு மழையும்
அதைத் தீர்த்துவிட்டிருந்தன.
பதிவேட்டில் ஒரே சொல்: அழிக்கப்பட்டது.

இப்போது சட்டம் படிக்கிற பிள்ளைகள்
பத்தி பதினேழை மனப்பாடம் செய்கிறார்கள்.
பாதி வாக்கியம் ஊரெல்லாம் நடக்கிறது.
மறுபாதி பாகோட்டில்,
விற்காத பிரதிகளோடு, பீரோவுக்கு மேலே.

போன புதனும் நான் அந்தப் பாதியைத்தான் சொன்னேன்.
ஜெயித்தேன்.
தேன்பெட்டிகளைப் பறிகொடுத்த அருமனைக்காரர்
ஒரு கையால் சுவரைப் பிடித்து
கோர்ட்டுப் படி இறங்கினார்.

அவர் பேர் தங்கமோனி.
டைரியில் எழுதியிருக்கிறேன்.
முகவரியும்.
இன்னும் போகவில்லை.